கணக்குப் பரீட்சைக்கு மறுநாள்: கேள்வி பதில்

பொறியியல் முதல் செமஸ்டர், மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் தாள். ரெண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து. மேட்ரிக்ஸ் யூனிட்டில் யாருக்கும் சண்டை இல்லை. கடைசி இரண்டு யூனிட்டில்தான் பலர் சறுக்கியிருக்கிறீர்கள். விடை சரியா என்று பக்கத்து பெஞ்சைக் கேட்காதீர்கள். இன்டக்ரேஷன் விடையை வகையிட்டுப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

கேள்வி: சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் இன்டக்ரேஷன். எனக்கு சைன் வர்க்கம்/2. ரூம்மேட்டுக்கு மைனஸ் காஸ் வர்க்கம்/2. இன்னொருத்தன் மைனஸ் காஸ் 2எக்ஸ்/4 என்கிறான். யாருக்கு மார்க்?

மூவருக்கும், கடைசியில் பிளஸ் சி போட்டிருந்தால். முதல் இரண்டையும் கழித்தால் சைன் வர்க்கம் + காஸ் வர்க்கம், அதில் பாதி, அதாவது 1/2. மூன்றாவது, முதலாவதை விட 1/4 குறைவு. வித்தியாசம் வெறும் மாறிலி; அதை சி விழுங்கிக்கொள்ளும். சி போடாதவருடைய விடைதான் இங்கே தப்பு.

கேள்வி: டபுள் இன்டக்ரலில் ஆர்டர் மாற்றும் கணக்கு. எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸ் வர்க்கம் முதல் 2−எக்ஸ் வரை, உள்ளே எக்ஸ்ஒய். எனக்கு 5/24 வந்தது.

விடை 3/8. உங்களுக்கு எங்கே போச்சு என்று 5/24ஐப் பார்த்தாலே தெரிகிறது.

படம் போடுங்கள். பரவளையமும் நேர்கோடும் (1,1)இல் வெட்டுகின்றன. இடது எல்லை ஒய் அச்சு. இப்போது பட்டையைப் படுக்கையாக வையுங்கள். கீழே வைத்தால் பட்டையின் வலது முனை பரவளையத்தைத் தொடும். ஒய் 1ஐத் தாண்டியதும் நேர்கோட்டைத் தொடும். பட்டை முனை ஆள் மாறும் இடத்தில் தொகையை உடைத்தே ஆக வேண்டும்.

கீழ்ப்பகுதி: ஒய் 0 முதல் 1 வரை, எக்ஸ் 0 முதல் வர்க்கமூலம் ஒய் வரை. உள்தொகை ஒய் வர்க்கம்/2, விடை 1/6. மேல்பகுதி: ஒய் 1 முதல் 2 வரை, எக்ஸ் 0 முதல் 2−ஒய் வரை. இதில் டி = 2−ஒய் என்று மாற்றினால் இரண்டே வரியில் 5/24. நீங்கள் மேல்பகுதியை மட்டும் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள்.

ஆர்டர் மாற்றாமலே ஒருமுறை போட்டுச் சரிபார்க்கலாம்: அதுவும் 3/8 தரும். நேரம் இருந்தால் ரஃப் ஒர்க்கில் செய்யுங்கள். படமும் எல்லைகளும் பேப்பரில் இருந்தால் ஸ்டெப் மார்க்குக்கு வழி உண்டு.

கேள்வி: பாஸ் ஆகுமா சார்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் என்றால் எழுத்துத் தேர்வில் 100க்கு 45, இன்டர்னலும் சேர்த்து மொத்தம் 50. எழுத்து 60க்கும் இன்டர்னல் 40க்கும் சுருங்கும். எழுத்தில் சரியாக 45 எடுத்தால் அது 27 ஆகும். இன்டர்னலில் 23 வேண்டும்.

கேள்வி: 1/எக்ஸ் வர்க்கம், −1 முதல் 1 வரை. −2 என்று போட்டேன்.

வர்க்கம் எங்கேயும் நெகட்டிவ் ஆகாதபோது பரப்பு எப்படி −2 ஆகும்? நடுவில் எக்ஸ் = 0இல் ஃபங்ஷன் வெடிக்கிறது. அங்கே உடைத்து லிமிட் எடுத்தால் இரண்டு பக்கமும் முடிவிலி. டைவர்ஜண்ட், அதாவது முடிவான மதிப்பு இல்லை, என்று எழுதியிருக்க வேண்டும். எல்லையைப் பிரதியிடுமுன், பின்னத்தின் கீழே பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சைன் எக்ஸ், 0 முதல் பை வரை, கால்குலேட்டர் 0.0861 காட்டுகிறது. ரிப்பேரா?

டிகிரி மோட். ரேடியனுக்கு மாற்றுங்கள், 2 வரும். கால்குலஸில் கோணம் என்றாலே ரேடியன்தான்.

கேள்வி: எக்ஸ் கியூப் + ஒய் கியூப் − 3எக்ஸ்ஒய். (1,1)இல் மதிப்பு −1. நெகட்டிவ் என்பதால் மேக்சிமம் என்று எழுதினேன்.

மதிப்பின் குறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர், எஸ், டி என்பவை இரண்டாம் வரிசைப் பகுதி வகைக்கெழுக்கள்; ஆர்டி − எஸ் வர்க்கம் = 36எக்ஸ்ஒய் − 9. (1,1)இல் 27, ஆர் = 6 பாசிட்டிவ்: மினிமம். (0,0)இல் −9: சேணப் புள்ளி, அதாவது மேக்சிமமும் இல்லை, மினிமமும் இல்லை.

கேள்வி: சைன் எக்ஸ்/எக்ஸ், எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது. லோபிதால் விதி (மேலும் கீழும் தனித்தனியே வகையிடுவது) போட்டு 1 என்றேன். அது செல்லாது என்கிறார்கள்.

"மதிப்பு காண்க" என்று மட்டும் கேட்டிருந்தால் மார்க் வரும். ஆனால் நிரூபணமாக அது வட்டம். சைனின் வகைக்கெழு காஸ் என்று எப்படித் தெரிந்தது? சைன் எச்/எச் 1ஐ நெருங்குகிறது என்பதை வைத்துத்தான். கேட்டதையே கொண்டு கேட்டதை நிரூபிக்கிறீர்கள். வட்டத்துண்டின் பரப்பை இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே நெருக்கினால் சைன் எக்ஸ்/எக்ஸ், காஸ் எக்ஸுக்கும் 1க்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். அதுதான் நேர்வழி.

குறுக்கே ஒருவர்: சைனைத் தொடராகவே வரையறுத்தால் வட்டம் எங்கே வந்தது?

வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடர் கையில் இருந்தால் எக்ஸால் வகுத்தவுடனேயே 1 தெரிகிறது, லோபிதால் எதற்கு?

அதே ஆள்: விதி தப்பு என்கிறீர்களா?

இல்லை. கண்மூடிப் போடுவதுதான் தப்பு. (எக்ஸ்+1)/(எக்ஸ்+2), எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது 1/2. இது 0/0 அல்ல. விதியைப் போட்டால் 1 என்று தப்பாக வரும். இன்னொன்று: (எக்ஸ் + சைன் எக்ஸ்)/எக்ஸ், எக்ஸ் முடிவிலிக்குப் போகும்போது. விதியைப் போட்டால் 1 + காஸ் எக்ஸ் வந்து ஆடிக்கொண்டே இருக்கும். லிமிட் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்: சைன் எக்ஸ்/எக்ஸ் பூஜ்யமாகிறது, விடை 1. மேலும் கீழும் வகையிட்ட பிறகு லிமிட் கிடைத்தால்தான் விதி பேசும். கிடைக்காவிட்டால் அது வாயைத் திறக்காது.

இன்னொரு கதை: 1696இல் லோபிதால் பிரபுவின் பாடநூலில் வந்த இந்த விதி, யோகான் பெர்னூலியுடையது. ஆண்டுக்கு 300 லிவர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) சம்பளத்துக்குத் தன் கண்டுபிடிப்புகளை லோபிதாலுக்குக் கொடுக்க 1694இல் பெர்னூலிக்கு ஒப்பந்தம் இருந்தது.

கேள்வி: பாஸ் மார்க் எவ்வளவு?

மேலே இருக்கிறது.

கேள்வி: பிசிக்ஸ் தாளில் யூனிட் 3...

பிசிக்ஸ் ஆளைக் கேளுங்கள்.

கேள்வி: மைனஸ் (எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம்) அடுக்கில் உள்ள இ, இரண்டும் 0 முதல் முடிவிலி வரை. எனக்கு பை, பக்கத்தில் பை/4.

பக்கத்தில் இருப்பவர் சரி. இரண்டும் பாசிட்டிவ் என்றால் முதல் கால்பகுதி மட்டும்தான். தீட்டா 0 முதல் பை/2 வரை. நீங்கள் வட்டம் முழுதும் சுற்றிவிட்டீர்கள். போலார் ஆயங்களுக்கு (ஆர், தீட்டா) மாறும்போது கூடுதலாக ஒரு ஆர் வந்து பெருக்கும்; அதை விடவில்லை, அது சந்தோஷம். விட்டவர்கள் அந்தத் தொகையை முடிக்கவே முடியாமல் நின்றிருப்பார்கள்.

கேள்வி: இன்டர்னல் 21, எழுத்தில் 47 எதிர்பார்க்கிறேன். பாஸ் ஆகுமா?

47ஐ 0.6ஆல் பெருக்கினால் 28.2, கூட 21, மொத்தம் 49.2. கால்குலேட்டர் உங்களிடமும் இருக்கிறதே தம்பி! 50ஐத் தொட எழுத்தில் 49 வேண்டும்.

கேள்வி: மூடியில்லாத பெட்டி, கொள்ளளவு 32, குறைந்த தகடு. லாக்ராஞ்ச் பெருக்கி முறை போடாமல் இசட்டை 32/எக்ஸ்ஒய் என்று பிரதியிட்டேன்.

4, 4, 2 வந்து, பரப்பு 48 என்றால் கணக்கு சரி. கேள்வியில் "லாக்ராஞ்ச் முறையில்" என்று இருந்தால் முறைக்கான மார்க் போகலாம்.

கேள்வி: அந்த ஆர்டர் மாற்றும் கணக்கில் எனக்கு 1/6...

கீழ்ப்பகுதி மட்டும். மேலே 5/24 வாங்கியவரைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பேப்பரில் எழுதியிருந்தால் முழு மார்க்.