மியூசிக் பிளேயரில் மெனு நன்றாக இருந்தால் ஒலியும் நன்றாக இருக்குமா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. பாட்டைத் தேடுவது, பட்டியல் போடுவது எல்லாம் மென்பொருளின் முகப்பு. ஒலித்தரம் என்பது, பதிவான பாட்டு எவ்வளவு பிசகாமல் காதுக்கு வருகிறது என்பது.

கோப்பில் இருப்பது வெறும் எண்கள். சிடி தரத்தில் ஒரு காதுக்கு மட்டும் விநாடிக்கு 44,100 எண்கள்! அவற்றை மின் அலையாக மாற்ற ஒரு சிப், அதைப் பெருக்க ஒரு ஆம்ப்ளிஃபயர். காதில் விழுவது பெரும்பாலும் இவற்றின் வேலையும் இயர்போனின் வேலையும்தான்.

திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு கிணற்றில் எந்த வாளியால் அள்ளினாலும் சூடு ஒன்றுதான். பிடி வழுக்காத வாளி என்றால் அள்ளுவது சுகம். ஒலி அந்தச் சூடு மாதிரி, மெனு வாளிப் பிடி மாதிரி. அந்தச் சுகமும் முக்கியம். கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில், இருட்டில் தடவியே பாட்டை மாற்ற முடிகிற பிளேயரைத்தான் நான் எடுப்பேன்.

மென்பொருள் ஒலியைத் தொடுகிற ஓரிடம், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசர். அப்புறம், ரொக்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் சில பழைய பிளேயர்களில் ஃபிளாக் என்ற, தரம் குறையாமல் சுருக்கிய கோப்புகளும் பாடும்.

பலர் சத்தம் கூடிய பிளேயரையே தரமானது என்று நினைக்கிறார்கள். ஒரே பாட்டை, ஒரே இயர்போனில், சத்தத்தைச் சமமாக வைத்துக் கேட்டால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்.