புயலுக்கு முன் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது?

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை லிட்டர் தண்ணீர் வாங்கி வைக்க வேண்டும்? கேன் அடுக்கவும் இடம் அதிகம் இல்லை.

பதில்: குடிக்க, சமைக்க, கை கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், ஒரு வாரத்துக்கு 112 லிட்டர். பாலூட்டும் தாயோ நோயாளியோ இருந்தால் கூடுதலாகத் தேவைப்படும்.

ஆனால் இத்தனையையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குழாயில் வருவது குடிக்கத் தகுந்த தண்ணீர் என்றால், மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்து வைத்தாலே போதும். பால், பழச்சாறு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் மட்டும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அவற்றில் புரதமும் சர்க்கரையும் ஒட்டியிருக்கும், கிருமி வளரும். மருந்து, ரசாயனம் வந்த கேன்களைத் தொடவே கூடாது. மற்றவற்றைச் சோப்பால் கழுவிவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் (துணி வெளுக்கும் திரவம், பிளீச்சிங் பவுடர் அல்ல) கலந்து, உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, நல்ல தண்ணீரில் அலசிய பிறகு நிரப்புங்கள்.

கழிவறைக்கு வேண்டிய தண்ணீரைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு தடவை ஊற்றவும் சில லிட்டராவது போகும். வாளி, டிரம் என்று இருப்பதையெல்லாம் அதற்கு நிரப்புங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதால் மேல்நிலைத் தொட்டியையும் முன்னதாகவே நிரப்பிவிடுங்கள். காலியான பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று பெயர்த்துவிடும். நிரம்பிய தொட்டி தன் எடையாலேயே நிற்கும்.

புயலுக்குப் பிறகு தண்ணீர்மேல் சந்தேகம் வந்தால் துணியில் வடிகட்டி, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க வைப்பதே நல்லது. அடுப்பு எரிக்க வழியில்லை என்றால் 5 முதல் 6 சதவீத பிளீச்சை லிட்டருக்கு 2 சொட்டு விட்டு 30 நிமிடம் காத்திருங்கள். கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. பெட்ரோலோ ரசாயனமோ கலந்த வெள்ளநீரை இரண்டு முறையாலும் சுத்தப்படுத்த முடியாது.

கேள்வி: ஃப்ரிட்ஜ் நிறைய உணவு வாங்கி வைப்பது சரியா?

பதில்: சீக்கிரம் கெடும் பொருள்களை அந்த நேரத்தில் வாங்கினால் நஷ்டம்தான். கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். ஆகவே ஃப்ரீசரில் காலி இடம் இருக்கும் வரை தண்ணீர் பாட்டில்களை உறையவையுங்கள். உறையும்போது தண்ணீர் விரியும், பாட்டிலின் கழுத்துவரை ஊற்றாதீர்கள். உருகியதும் அதுவே குடிநீர்.

ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பிப் பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, உள்ளே இருப்பதை உண்ணக் கூடாது. இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் 2 மணி நேரம் இருந்துவிட்டால் வாசனை நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

வாங்குவதானால் சமைக்காமல் தின்னக்கூடியதாக, வீட்டில் எல்லோரும் வழக்கமாகச் சாப்பிடுவதாக வாங்குங்கள். நெடுநேரம் வேக வேண்டியது எரிவாயுவையும் தண்ணீரையும் சேர்த்தே தின்றுவிடும். டின் உணவு வாங்கினால் கையால் திருகும் டின் திறப்பானும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினால் என் 5,000 எம்ஏஎச் ஃபோனுக்கு நான்கு தடவை சார்ஜ் ஏறுமா?

பதில்: ஏறாது. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. ஃபோனுக்குப் போவது 5 வோல்ட். அந்த மாற்றத்திலும் சூட்டிலும் கொஞ்சம் போய்விடுவதால் இரண்டரை முதல் மூன்று தடவைதான் கிடைக்கும். பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள 'ரேட்டட் கெபாசிட்டி' எண்ணைப் பார்த்து வாங்குங்கள், உண்மை அங்கேதான் இருக்கிறது.

டார்ச்சிலும் இதே கதைதான். எத்தனை மணி நேரம் எரியும் என்று அட்டையில் உள்ள எண், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமாக இருக்கலாம். எனவே வாங்கியதும் ஒரு ராத்திரி எரியவிட்டுப் பாருங்கள். தலையில் மாட்டும் விளக்கு இரண்டு கையையும் வேலைக்கு விடும், மெழுகுவர்த்தி போலத் தீப்பிடிக்கும் பயமும் இல்லை. பழைய செல்லையும் புதிய செல்லையும் ஒன்றாகப் போட்டால் பழையது கசிந்து டார்ச்சையே அரித்துவிடும். சூரிய விளக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள், மேகம் மூடிய நாளில் அது சரியாக ஏறாது.

கேள்வி: ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, மழை படாமல் பால்கனியில் வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னல் திறந்திருந்தாலும் உறங்குபவர் எழாமலே போகலாம். கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே வைக்க இடம் இல்லையென்றால் எடுக்காதீர்கள். சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றினால் அது தெருக் கம்பிக்கும் போகும், பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கும்.

கேள்வி: ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட எந்த டேப் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். டேப் கண்ணாடியைப் பலப்படுத்தாது, உடைந்தால் பெரிய துண்டுகளாக விழச் செய்யும். அந்தக் காசுக்குச் சில்லறை நோட்டுகளை எடுத்து வையுங்கள். கரண்ட் இல்லாத கடையில் கார்டு ஓடாது.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின். ஃப்ரிட்ஜ் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் தாங்கும். உங்களுடையதன் கெடு உள்ளே உள்ள தாளில் இருக்கும். பனிக்கட்டிமேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி படாமல் வையுங்கள். ஊசி, சர்க்கரை பார்க்கும் பட்டை, மற்ற மாத்திரைகள் எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகலை நீர் புகாத பையில் போட்டு மருந்தோடு சேர்த்து வையுங்கள்.