வீட்டில் கட்டும் சிஎன்சி இயந்திரத்துக்கு 3 நியூட்டன் மீட்டர் மோட்டார்தான் வேண்டுமா?

தண்டையார்பேட்டை வீட்டு மாடியில், கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் சிஎன்சி இயந்திரம் கட்டிவரும் நீங்கள், நெமா 23 என்ற முகப்பளவு வகையில் 3 நியூட்டன் மீட்டர் ஸ்டெப்பர் மோட்டாரையே, அதாவது படிப்படியாகச் சுழலும் மோட்டாரையே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் மோட்டார் நிற்கும்போது தாங்கும் முறுக்குவிசை மட்டுமே. வேகம் கூடக் கூட, சுருளின் தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) காரணமாக மின்னோட்டம் முழுமையாக ஏறுவதற்குள் அடுத்த படி வந்துவிடுவதால், முறுக்குவிசை சரிந்துகொண்டே போகும். ஆகவே தூண்டல் குறைந்த 2 நியூட்டன் மீட்டர் மோட்டாரை, மின்னோட்டம் வேகமாக ஏறும்படி 24 வோல்ட்டுக்குப் பதிலாக 36 வோல்ட்டில், அந்த வோல்ட்டைத் தாங்கும் டிரைவருடன் (மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் கருவி) ஓட்டுவதே மேல் என்பேன். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் (குண்டுகள் மேல் உருளும் திருகு), சுற்றுக்கு 200 படிகளை ஒவ்வொன்றும் எட்டாகப் பகுத்தால், மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள், அதாவது 320 நுண்படிகள், கிடைக்கும். மரவேலைக்கு அது தாராளம். மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். காசிமேட்டு உப்புக்காற்று மாடிவரை எட்டுமென்றால், திருகில் எண்ணெய் காயவிடாதீர்கள்.