புயல் வலுவிழந்த பிறகும் வெள்ளம் ஏன் வருகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

"புயல் கரையைக் கடந்து வலுவிழந்தது" என்று டிவியில் சொன்ன பிறகுதான் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. எப்படி? (கடலூர்)

வலுவிழந்தது காற்று, மழையல்ல. தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று வானிலைத் துறை தரம் பிரிப்பதே காற்றின் வேகத்தை வைத்துத்தான். எவ்வளவு மழை கொட்டும் என்பதற்கும் அந்தப் பட்டத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சலையே பாருங்கள். 2011 தானே புயலின் காற்றுக்கு முன்னால் அது சாதுவானது. ஆனால் கரையேறியதும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. அப்புறம் வலுவிழந்து உள்ளே போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். ஆறு கடலில் சேருமிடத்தில் இருப்பது நீங்கள். உங்கள் ஊரில் வெயிலே அடித்தாலும், மேலே பெய்தது கீழே வந்தாக வேண்டும்.

அடுத்த முறை புயலின் பெயரைவிட, அது மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று கவனியுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். அப்படியே அணை நீர்த்திறப்புச் செய்தியையும் பாருங்கள்.

புயல் ஆந்திரா பக்கம் போகிறது என்றால் நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா? (வேளச்சேரி)

வேளச்சேரியிலிருந்தா இந்தக் கேள்வி! 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. மூழ்கியது நீங்கள். சென்னைக்கு அருகே கடலிலேயே மெல்ல ஊர்ந்துகொண்டு, மழை மேகங்களை நகரத்தின் மேல் தள்ளிக்கொண்டே இருந்தது. போதாததற்கு, கடற்காற்று அலைகளை முகத்துவாரத்தை நோக்கி உந்தும்போது அடையாறும் கூவமும் கடலில் வடிய முடியாமல் திணறும்.

எங்கள் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யணுமா?

கூண்டை மட்டும் பார்த்து வேண்டாம். கூண்டு கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரிய மொழி. 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில்; 3, 4 துறைமுகத்துக்கு எச்சரிக்கை; 5 முதல் 7 அபாயம்; 8 முதல் 10 பெரும் அபாயம்; 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் ஆபத்தின் அளவில் இல்லை, புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான். வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்பதை மாவட்ட நிர்வாகம் சொல்லும். 1077 அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை எண்.

புயல் நெருங்கும்போது கடல் உள்வாங்குகிறதே, சுனாமியா? (நாகப்பட்டினம்)

இல்லை. நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால், மேற்கு நோக்கி வரும் புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலைக் கரைமேல் தள்ளும். தெற்கே கரையிலிருந்து இழுக்கும். கடல் உள்வாங்கினால், மையம் உங்களுக்கு வடக்கே கடக்கிறது என்று பொருள். அதற்காக வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். பாதை கொஞ்சம் தெற்கே நகர்ந்தால் தள்ளுகிற பக்கம் உங்களுடையதாகிவிடும்.

மையமே ஊரைக் கடந்தால் காற்று திடீரென்று அடங்கும். 'சரி, முடிந்தது' என்று வெளியே வந்து கூரையைச் சரி செய்ய ஏணி வைப்பவர்கள்தான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும்.

பத்து நாள் கழித்து பெரும்புயல் என்று ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பலாமா?

அது வானிலையைக் கணிக்கும் ஏதோ ஒரு கணினி நிரல், ஏதோ ஒரு வேளையில் போட்ட கணக்கு. அடுத்த கணக்கில் அந்தப் புயலே காணாமல் போகலாம். கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் வரை பொறுங்கள். ரெட் அலர்ட் வந்தால் மட்டும் அசட்டை வேண்டாம். அதிகனமழை வரலாம் என்பதே அதன் பொருள். ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை. ஒரு சதுர கி.மீ. பரப்பில் 20 செ.மீ. என்பது 20 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பதினாறாயிரம் லோடுக்கு மேல்.

தரைத்தளத்தில் இருக்கிறோம். வாசலில் மணல் மூட்டை அடுக்கியும் உள்ளே தண்ணீர் வந்துவிட்டது.

வாசல் வழியாக வந்திருக்காது. தெருச் சாக்கடை நிரம்பியதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி, குளியலறை ஜாலியிலும் கழிவறைக் கோப்பையிலும் மேலேறும். கோப்பையில் 'குளுக் குளுக்' என்று குமிழி வந்தால் அதுதான் முதல் அறிகுறி. தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, கோப்பைக்குள்ளும் ஜாலி மேலும் அழுத்தி வையுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது.