பழைய ஆங்கில வெள்ளிக் கரண்டி அசல்தானா, எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கரண்டியைத் திருப்பி, காம்பின் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருக்கும். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்திய ஊருக்கும் ஒரு குறி உண்டு: சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்காமை. (பர்மிங்காமில் கடலே கிடையாது, அது வேறு கதை.) தனி எழுத்து ஒன்று இருக்கும், அதுதான் ஆண்டு. ஆனால் ஒரே எழுத்து ஊருக்கு ஊர் வேறு ஆண்டைக் குறிக்கும். அதனால் முதலில் ஊரைக் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் அந்த ஊருக்கான பட்டியலைப் பாருங்கள்.

அரசர் அல்லது அரசியின் தலையும் இருக்கிறதா? அது வரி கட்டியதற்கான முத்திரை. 1784 முதல் 1890 வரை குத்தினார்கள். காலத்தைச் சட்டென்று குறுக்கிவிடும்.

‘ஈ.பி.என்.எஸ்.’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் வெறும் வெள்ளி முலாம்தான். நான் முதலில் ஆசையாக வாங்கியது அதைத்தான்!

வாங்கிய பிறகு பளபளக்கத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள், முத்திரைதான் முதலில் மழுங்கும்.