குட்டிகளுக்கு ஜாக்கெட்: வாசகர் கேள்விகள்

குளிர் தொடங்கிவிட்டதால் இந்த முறை எல்லாமே ஜாக்கெட் கேள்விகள்தான்.

டிசம்பர் கடைசியில் ஊட்டி போகிறோம். 9 மாதக் குழந்தைக்கு எவ்வளவு கனமான ஜாக்கெட் வாங்கணும்? (மதுரை)

கனமானது ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் ஊட்டியில் பகல் வெயிலுக்கு 20 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும், சில நாள் புல்லில் உறைபனியே பிடிக்கும். ஒரே குண்டு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் சமாளிக்க முடியாது. உடம்போடு ஒட்டி ஒரு முழுக்கை பனியன், மேலே ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டையோ கம்பளி ஸ்வெட்டரோ, அதற்கு மேல் காற்று புகாத மெல்லிய ஜாக்கெட். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மேட்டுப்பாளையத்திலேயே மூன்றையும் மாட்டிவிடாதீர்கள், பாவம், குன்னூர் வருவதற்குள் வியர்த்துவிடும். நனைந்த பனியனோடு மேலே போய் இறங்கினால்தான் குளிர் பிடிக்கும்.

கை எப்பவும் சில்லென்று இருக்கிறது. இன்னொரு ஸ்வெட்டர் போடட்டுமா?

கையைப் பார்க்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் போட்டதில் ஒன்றைக் கழற்றுங்கள்.

என் குழந்தைக்கு எந்த ஜாக்கெட் நல்லது?

வயது இல்லை, ஊர் இல்லை, எந்த மாதம் என்பதும் இல்லை. சென்னைக் குழந்தைக்கு மார்கழியில்கூட முழுக்கைச் சட்டை ஒன்று பெரும்பாலும் போதும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

தொப்பி வைத்த ஜாக்கெட், நாடா நுனியில் குஞ்சம், ரொம்ப அழகாக இருக்கிறது. 2 வயதுப் பெண்ணுக்கு வாங்கலாமா? (திருப்பூர்)

வாங்காதீர்கள். வாங்கியாச்சு என்றால் இன்றைக்கே நாடாவை உருவி எடுத்துவிடுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. சறுக்குமரத்தின் உச்சியில் பலகைக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். நாடா நுனி முடிச்சோ குஞ்சமோ அதில் மாட்டிக்கொள்ளும், குழந்தை கீழே சறுக்கும், நாடா கழுத்தை இறுக்கும். கத்தக்கூட முடியாது. இப்படிக் குழந்தைகள் இறந்துபோனதால்தான் அமெரிக்காவில் 1996-லேயே குழந்தை உடுப்பில் கழுத்து நாடா கூடாது என்று அரசே வழிகாட்டுதல் கொடுத்தது. ஐரோப்பியத் தர விதியிலும் 7 வயதுக்குக் கீழே தொப்பியிலும் கழுத்திலும் நாடா வைக்கக் கூடாது. உங்கள் ஊரில் ஏற்றுமதி ஆர்டர் பார்க்கிற யாரையாவது கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள். வெளிநாட்டுக் குழந்தைக்கு ஆகாத நாடா நம் குழந்தைக்கு மட்டும் எப்படி ஆகும்? கடைக்காரரிடம் இதைக் கேட்டால் "எல்லாரும் இதுதான் சார் கேக்குறாங்க" என்கிறார். அதனால் நாம் கேட்பதை நிறுத்த வேண்டும். தொப்பி வேண்டுமென்றால் எலாஸ்டிக் வைத்தது வாங்குங்கள், இழுத்தால் கையோடு வந்துவிடுகிற டிச் பட்டன் தொப்பி இன்னும் நல்லது.

டொராண்டோவில் இருக்கிறோம். பஞ்சு ஜாக்கெட்டோடு கார் சீட்டில் உட்கார வைக்கலாமா?

கூடாது. மோதலில் பஞ்சு அமுங்கிப்போய் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் ஜாக்கெட்டோடு பெல்ட்டை இறுக்குங்கள், பிறகு ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிட்டு, பெல்ட் அளவை மாற்றாமல் அதே குழந்தையை மறுபடி மாட்டிப் பாருங்கள், தோளில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். காருக்குள் ஃப்ளீஸ் மட்டும் போதும். பெல்ட் போட்டபின் மேலே ஒரு போர்வை போடுங்கள். வண்டி சூடானதும் அதையும் எடுத்துவிட்டுப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

ராத்திரி ஜாக்கெட்டோடு தூங்க வைக்கலாமா?

வேண்டாம். குல்லாவும் வேண்டாம். கைக்குழந்தை அதிகச் சூட்டில் தூங்குவது ஆபத்து.

இரண்டு வருஷத்துக்கு வருகிற மாதிரி பெரிய சைஸ் வாங்கலாமா? விலை அதிகம்.

ஒரு சைஸ் கூட வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். கை நீளமாகத் தொங்கினால் நடக்கிற குழந்தை விழும்போது ஊன்ற முடியாது, கழுத்து அகலமாக இருந்தால் காற்று நேரே நெஞ்சுக்குப் போகும். செலவு கவலையென்றால் அக்கா பிள்ளை, சித்தி பிள்ளை போட்ட பழையது இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு குளிர்காலம் போட்ட ஜாக்கெட் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். வாங்கி வந்ததும் ஜிப் மேல்நுனி தாடையில் உரசாமல் துணி மடிப்பு இருக்கிறதா, பட்டன் ஏதாவது ஆடுகிறதா என்று பாருங்கள். நாடா இருந்தால் உருவிவிடுங்கள்.