கேள்வி – பதில்: அந்தப் போருக்கு ஊர் பேர் உண்டு

கேள்வி: ‘பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்’ படம் பார்த்தேன். சின்னப் பையன் கையில் ஆயுதத்தைக் கொடுத்துக் கொலை செய்ய வைக்கிறார்கள். ஆப்பிரிக்கர்களின் காட்டுமிராண்டித்தனத்தை இவ்வளவு தத்ரூபமாக யாரும் காட்டியதில்லை. நம்மைப் போன்ற பண்பட்ட சமூகத்தில் இது நடக்குமா? – வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: நல்ல படம்தான். ஆனால் உங்களை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்திருக்கிறதே, அங்கேதான் எனக்கு அதன்மேல் வருத்தம். கேரி ஃபுகுநாகா 2015இல் எடுத்த அந்தப் படம் எந்த நாடு, எதற்குச் சண்டை என்பதைக் கடைசிவரை சொல்வதில்லை. உசோடின்மா இவியாலாவின் மூல நாவலிலும் நாட்டுக்குப் பெயர் இல்லை. அங்கே கதை சொல்பவன் சிறுவன். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று ஏற்றுக்கொள்ளலாம். திரையிலோ, கானாவில் படமாக்கிய காடும் மண்ணும் கண்ணைப் பறிக்க, ‘ஆப்பிரிக்கா’ என்று ஒரே நாடு இருப்பதாகவும் அங்கே எல்லாரும் இப்படித்தான் என்றும் எண்ணிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். 50க்கு மேற்பட்ட நாடுகள் இருக்கும் கண்டம் ஐயா அது.

நடந்த போர்களுக்கு ஊர் பேர் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். ஃபோடே சாங்கோவின் கிளர்ச்சிப் படையான புரட்சிகர ஐக்கிய முன்னணி கிராமங்களுக்குள் புகுந்து பிள்ளைகளைப் பிடித்துச் சென்றது. சிலரைச் சொந்த உறவினரையே கொல்ல வைத்தது. அதன் பிறகு அந்தப் பையன் எந்த முகத்தோடு வீடு திரும்புவான்? போதைப்பொருளையும் பழக்கினார்கள். எதிர்ப்பக்கம் நின்ற அரசு ஆதரவுப் படைகளும் சிறுவர்களைச் சேர்க்காமல் இல்லை. இதில் பண்பாடு எங்கே வருகிறது? எல்லாம் கணக்குதான். பையனுக்குச் சம்பளம் வேண்டாம், அரை வயிற்றுச் சோறு போதும், ஏ.கே.-47ஐ அவனால் தூக்க முடியும், தளபதியை அப்பாவாகவே நம்புவான். படத்தில் தளபதியாக வரும் இட்ரிஸ் எல்பா அந்த அப்பா வேடத்தைக் கட்டும் காட்சிகளில்தான் படம் உண்மையிலேயே குலை நடுங்க வைக்கிறது.

போருக்குப் பணம் வந்த வழியையும் பாருங்கள். சியரா லியோனின் வைரம் பக்கத்து நாடான லைபீரியா வழியாக வெளியேறி உலகச் சந்தையில் கலந்தது. ஆயுதம் உள்ளே வந்தது. 2000இல்தான் ஐ.நா. பாதுகாப்புச் சபை அந்த வைரத்துக்குத் தடை போட்டது. கிளர்ச்சிப் படைக்குத் துணைபோன முன்னாள் லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் 50 ஆண்டு சிறை விதித்தது. சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றமும் அந்தத் தீர்ப்பில் உண்டு. வைரத்தை வாங்கி மோதிரத்தில் பதித்துக்கொண்ட சீமான்களைக் காட்டுமிராண்டிகள் என்று யாரும் எனக்கு எழுதியதில்லை.

‘நம்மைப் போன்ற சமூகம்’ என்கிறீர்கள். ஈழப் போரில் விடுதலைப் புலிகள் 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்த்ததை ஐ.நா. அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சி அவசரத் திருமணம் செய்துவைத்த பெற்றோர் வன்னியில் இருந்தார்கள். புலிகளிடமிருந்து 2004இல் பிரிந்த கருணா தரப்பும் சிறுவர்களைக் கடத்தியது. அதற்கு அரசுப் படையினரில் சிலர் துணைபோனதாக 2006இல் ஐ.நா. சார்பில் சென்ற ஆலன் ராக் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பிள்ளைகளும் ‘அம்மா’ என்று தமிழில்தான் அழுதிருப்பார்கள்.

இன்னொரு படம் பார்க்க மனமிருந்தால் நைஜீரிய இயக்குநர் நியூட்டன் அடுவாகாவின் ‘எஸ்ரா’வைத் தேடிப் பாருங்கள். 2007இல், புர்க்கினா ஃபாசோவின் தலைநகரான வாகடூகுவில் நடந்த ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் முதல் பரிசு பெற்றது. சிறுவனாகக் கடத்தப்பட்டு ஆயுதம் ஏந்திய இளைஞனை விசாரணை ஆணையத்தின் முன் உட்கார வைத்து, அவனுடைய சொந்தக் கிராமம் தாக்கப்பட்ட இரவைப் பற்றிக் கேட்கிறார்கள். அவனுக்கு நினைவில்லை. காட்சியழகில் முன்னதற்குக் கொஞ்சம் குறைவுதான். பார்த்துவிட்டு, அவனைத் தண்டிப்பதா மன்னிப்பதா என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தை முழுதாகவே வெளியிடுகிறேன்.